மதங்களுக்குச் சேரி வைத்த தேர்வு



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நடக்கும் இச்சொற்பொழிவுக்கு உலக மதங்களைப் பற்றிய ஓர் அறிமுகம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இத்தகைய அறிமுகத்தைப் பாடநூல்கள் ஒரு பட்டியலாகத் தருவது வழக்கம். நிறுவியவர் யார், நூல் எது, பண்டிகை எது என்று மூன்று கட்டம் போட்டு முடித்துவிடுவார்கள். தேர்வு எழுதுவதற்கு அது போதும். நமக்குப் போதாது. ஏன் போதாது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்கு அடுத்த கட்டம் சாதி. பலருக்கு மதம் என்ற கட்டம் பிறந்த தேதியைப் போல ஒரு தகவல். தலித் மாணவருக்கு அப்படியல்ல. முதல் கட்டத்தில் அவர் எழுதுவது இரண்டாம் கட்டத்தில் எதை எழுதலாம் என்பதைத் தீர்மானித்துவிடும். இந்து, சீக்கியர், பௌத்தர் என்று எழுதினால் அவர் பட்டியல் சாதி. கிறித்தவர் என்று எழுதினால் தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. ஊரில் அவர் குடியிருக்கும் தெரு மாறியிருக்காது. அவரை அழைக்கும் பெயரும் மாறியிருக்காது. சான்றிதழ் மட்டும் மாறிவிடும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இந்த விகிதம் மிக அதிகமாக உள்ள மாவட்டங்களில் இதுவும் ஒன்று. ஆகவே மதம் என்றால் என்ன என்ற கேள்வி இங்கே தத்துவ வகுப்புக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. வட்டாட்சியர் அலுவலக வரிசையில் நிற்கிறவரின் கேள்வியும் அதுதான்.

மதம் என்ற சொல்

தமிழில் மதம் என்ற சொல்லுக்குக் கொள்கை, கருத்து என்ற பொருள் உண்டு. நன்னூல் எழுவகை மதம் என்று சொல்லும்போது கோயிலையோ பள்ளிவாசலையோ சொல்லவில்லை. பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, தன் கருத்தை நிலைநாட்டுவது என்று ஒரு நூலாசிரியன் கொள்ளக்கூடிய நிலைப்பாடுகளைச் சொல்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை என்று ஒரு பகுதி இருக்கிறது. வஞ்சி நகரில் ஒரு பெண் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகே தன் வழியைத் தேர்கிறாள். நம்பிக்கையைக் கேள்வி கேட்டு அடைவது தமிழுக்குப் புதிதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மதம் என்பது பிறப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் ஓர் அடையாளம், ஒருவருக்கு ஒன்றுதான் இருக்க முடியும், அதை அரசு எண்ணிக் கணக்கெடுக்கலாம் என்ற வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணக்கெடுப்புகளோடு வலுப்பெற்றது. அந்தக் கட்டத்தில் நம் மக்களை என்னவென்று எழுதுவது என்ற சிக்கல் எழுந்தபோது முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பண்டிதர். அவரிடம் பிறகு வருவோம்.

ஐந்து சொற்கள்

உலக மதங்களைப் புரிந்துகொள்ள ஐந்து சொற்களைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். கடவுள், உயிர், வினை, விடுதலை, கூட்டம்.

முதலில் கடவுள். யூதம், கிறித்தவம், இஸ்லாம் மூன்றும் உலகைப் படைத்த ஒரே கடவுளைச் சொல்கின்றன. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்ற மூன்றையும் தோற்றமில்லாதவை என்கிறது. அதாவது, கடவுள் உண்டு. ஆனால் உயிர்களை அவர் ஒன்றுமில்லாததிலிருந்து படைக்கவில்லை. சமணத்தில் படைத்தவன் கிடையாது. பௌத்தம் படைப்புக் கடவுளை நம்பி நிற்கவில்லை. ஆகவே கடவுள் இல்லாத மதமும் உலகில் உண்டு. கடவுள் மறுப்பாளர்கள் எல்லாரும் மதத்துக்கு வெளியே இருக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது உயிர். சமணம் புல்லுக்கும் புழுவுக்கும் உயிர் உண்டு என்று தொடங்கிக் கொல்லாமைக்குப் போகிறது. அத்வைதம் ஆன்மாவும் பிரம்மமும் ஒன்று என்கிறது. புத்தரோ நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்றார். யூத, கிறித்தவ, இஸ்லாமிய மரபுகளில் மனிதருக்கு ஒரே வாழ்வு. அதன் முடிவில் ஒரு தீர்ப்பு.

மூன்றாவது வினை. நமக்கு மிகவும் வேண்டிய சொல் இதுதான். முற்பிறப்பில் செய்த தீவினையால் இப்பிறப்பில் தாழ்ந்த சாதியில் பிறந்தாய் என்ற விளக்கம் இந்தச் சொல்லைக் கொண்டு கட்டப்பட்டது. ஒரே சொல்லை மதங்கள் வெவ்வேறாகப் பயன்படுத்தின. சமணம் வினையை உயிரோடு ஒட்டும் நுண்பொருளாகக் கண்டது. புத்தர் அதை எண்ணத்தில், நோக்கத்தில் வைத்தார். செய்கிறவனின் நோக்கமே வினை என்றால், பிறந்த குலத்தைக் கொண்டு ஒருவனை அளக்க முடியாது. மறுபிறப்பைச் சொல்லாத மதங்களில் முற்பிறப்புப் பாவம் என்ற சாக்குக்கே இடமில்லை. ஆனாலும் ஆதிக்கம் வேறு சாக்குகளைத் தேடிக்கொள்ளும். அமெரிக்காவில் கறுப்பின மக்களை அடிமைப்படுத்தியவர்கள் நோவாவின் மகன் காம் பற்றிய விவிலியக் கதையைத் தங்களுக்கு ஏற்ப வளைத்து, அடிமைத்தனத்தைக் கடவுள் விதித்த சாபம் ஆக்கினார்கள்.

நான்காவது விடுதலை. வீடுபேறு, நிப்பானம், மீட்பு, சொர்க்கம் என்று பெயர்கள் பல. எதிலிருந்து விடுதலை என்று கேட்டால்தான் வேறுபாடு தெரியும். பிறவியிலிருந்தா, துன்பத்திலிருந்தா, பாவத்திலிருந்தா?

ஐந்தாவது கூட்டம். பௌத்தர்களுக்குச் சங்கம், கிறித்தவர்களுக்குத் திருச்சபை, இஸ்லாமியருக்கு உம்மா. சீக்கியர்கள் சேர்ந்து வழிபடுவதைச் சங்கத் என்றும், வரிசையாக உட்கார்ந்து சேர்ந்து உண்பதைப் பங்கத் என்றும் சொல்வார்கள். ஒரு மதம் தன் உறுப்பினரை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்பதில் அதன் உண்மையான முகம் தெரியும்.

முதல் நான்கு சொற்களும் வானத்தைப் பற்றியவை. ஐந்தாவது சொல் மண்ணைப் பற்றியது. நம் மக்கள் எந்த மதத்தையும் அந்த ஐந்தாவது சொல்லைக் கொண்டே சோதித்தார்கள். யார் எங்கே உட்காருகிறார்? யாரோடு யார் சாப்பிடுகிறார்? யார் வீட்டில் யார் பெண் எடுக்கிறார்? பிணம் எந்த வழியாகப் போகிறது, எங்கே புதைக்கப்படுகிறது? இந்த நான்கு கேள்விகளும் சேரி மதங்களுக்கு வைத்த தேர்வு. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வந்த மதங்கள் அந்தத் தேர்வை எப்படி எழுதின என்று பார்ப்போம்.

கொலையுண்டவர்கள் தெய்வமான இடம்

நூல் உள்ள மதங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் நூல் இல்லாத நம்பிக்கைகளை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவார்கள். வரலாறு படிக்கிறவர் அப்படிச் செய்யக்கூடாது. மதுரைவீரன், காத்தவராயன் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சாதி மீறிக் காதலித்தவர்கள், அதிகாரத்தால் கொல்லப்பட்டவர்கள், பிறகு தெய்வமானவர்கள். கொன்றவர்களுக்குக் கோயில் இல்லை. கொல்லப்பட்டவருக்குத்தான் படையல். நீதி கிடைக்காத இடத்தில் மக்கள் நினைவைத் தெய்வமாக்கிக் காப்பாற்றினார்கள் என்றே இதைப் படிக்க வேண்டும்.

பெரம்பலூருக்கு அருகே சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் இரண்டு மாவட்ட மக்களுக்கும் தெரிந்தது. திங்கள், வெள்ளிக் கிழமைகளில்தான் வழக்கமாக நடை திறக்கும். இப்படிப்பட்ட அம்மன் வழிபாடுகளில் எல்லாச் சாதியாரும் ஒரே தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள் என்பது உண்மை. ஊர்த் திருவிழா என்று வரும்போது பறை அடிப்பது யார் கடமை, முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெரு வரை வரும் என்ற கேள்விகள் எழுவதும் உண்மை. தெய்வம் பொது, தெரு பொதுவல்ல. எத்தனையோ ஊர்களில் திருவிழாத் தகராறு தெய்வத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. அந்தத் தெருவைப் பற்றியதாகவே இருக்கிறது.

வயலில் உட்கார்ந்திருக்கும் புத்தர்

அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலத்திலும் குழுமூரிலும் சோழர் காலப் புத்தர் சிற்பங்கள் அறியப்பட்டிருக்கின்றன. நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் 2017இல் உயிரிழந்த மாணவியின் ஊராகக் குழுமூரை இன்று தமிழகம் அறியும். கற்கும் உரிமைக்காகப் போராடிய பெண்ணின் ஊரில் போதிசத்துவ மரபின் ஒரு கல் நிற்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். பெரம்பலூரைத் தாண்டிச் சேலம் மாவட்டத்துக்குள் போனால் தலைவாசல் அருகே தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன.

பௌத்தம் இங்கே ஏதோ விருந்தாளியாக வந்து போனதல்ல. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினார்கள். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக அளிக்கப்பட்டதை லைடன் செப்பேடுகள் சொல்கின்றன. தந்தை வாய்மொழியாக அளித்த அக்கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் இராசேந்திரன். அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியவனும் அவன்தான். சைவக் கோயிலையும் கட்டி, பௌத்த விகாரத்துக்கும் கொடையை உறுதி செய்த அரசு அது. அதே அரசின் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் வருகின்றன. மதங்களுக்கிடையே பெருந்தன்மை காட்டிய அரசும் சேரியைச் சேரியாகவே வைத்திருக்க முடியும் என்பதை இந்தக் கற்கள் சொல்கின்றன. மத நல்லிணக்கம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இதை நினைத்துப் பாருங்கள். மதங்கள் ஒன்றோடொன்று நன்றாக இருப்பது வேறு. மனிதர்கள் சமமாக இருப்பது வேறு.

பௌத்தம் மறைந்த பிறகு சிலைகள் எங்கே போயின? சில வயலில் கிடந்தன. சில ஊர்த் தெய்வங்களாயின. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபட்டு வந்த சிலையைப் பற்றி 2011இல் ஒரு பௌத்த அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. தொல்லியல் துறை வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள் முடி, நீண்ட காது மடல் ஆகியவற்றைக் கொண்டு அது புத்தர் சிலை என்று அறிக்கை தந்தார்கள். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அச்சிலையைத் தொடர்ந்து முனியப்பனாக நடத்துவது புத்தரின் கொள்கைக்கே எதிரானது என்று கருதி, அவ்விடத்தைத் தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. தலைவெட்டி என்ற பெயரே ஒரு வரலாற்றைச் சுமந்துகொண்டு இருந்தது. மக்கள் பெயரை மாற்றினார்கள், கும்பிடுவதை நிறுத்தவில்லை. ஒரு மதம் தோற்ற பிறகும் அதன் உடல் ஊருக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

மணிமேகலையிடம் இருந்த அமுதசுரபியையும் இங்கே நினைவுகூர வேண்டும். அந்தக் காப்பியத்தில் பௌத்த அறத்தின் முதல் வேலை பசியைத் தீர்ப்பது. பார்வையற்றோர், செவி கேளாதோர், ஆதரவற்றோர் என்று எல்லாரும் அந்தப் பாத்திரத்தின் முன் வருகிறார்கள். யாரோடு யார் சாப்பிடுகிறார் என்ற நம் கேள்விக்கு அக்காப்பியம் கொடுத்த விடை அது.

நெருப்பு வழியாக ஒரு நுழைவு

சைவ, வைணவ பக்தி இயக்கம் எல்லாரும் இறைவனின் அடியார் என்றது. அடியார் பட்டியலில் பல சாதியாரையும் சேர்த்தது. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நந்தனார் கதையைத் தேர்வில் வைத்துப் பாருங்கள். சேக்கிழார் திருநாளைப்போவார் என்ற பெயரில் அவரைப் பாடினார். கோயில் முரசுக்கும் பேரிகைக்கும் தோல் கொடுப்பது அவர் தொண்டு. தோல் உள்ளே போகலாம், கொடுத்தவர் உள்ளே போக முடியாது. தில்லையில் அவர் நெருப்பில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக வெளிவந்த பிறகே கோயிலுக்குள் செல்கிறார். புலையராக உள்ளே போன ஒருவரைப் புராணத்தால்கூடக் கற்பனை செய்ய முடியவில்லை.

அந்த நுழைவு சட்டத்தால் சாத்தியமாவதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதற்குப் பாதுகாப்பாகச் சட்டம் வந்தது. 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவு அதிகாரச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 25ஆம் பிரிவு இந்துப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறக்கச் சட்டம் இயற்றலாம் என்றது. அதே 25ஆம் பிரிவின் விளக்கம் இந்து என்ற சொல்லுக்குள் சீக்கியர், சமணர், பௌத்தர் ஆகியோரையும் சேர்த்துக்கொண்டது. இந்து என்றால் யார் என்ற கேள்விக்குச் சட்டம் தந்த விடை இது. பண்டிதர் இருந்திருந்தால் இதைப் பற்றி ஒரு தொடரே எழுதியிருப்பார்.

வரிசையில் நிற்பது

பெரம்பலூர் மாவட்டத்தில் லப்பைக்குடிகாடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் இஸ்லாமியர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். இஸ்லாத்தின் அடிப்படை ஐந்து: நம்பிக்கை உறுதிமொழி, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ். இவற்றில் தொழுகை வரிசை நமக்கு முக்கியம். முதலில் வந்தவர் முன்வரிசையில் நிற்கிறார். தோளோடு தோள் சேர்த்து நிற்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்ற கேள்விக்கு இஸ்லாம் உடம்பாலேயே விடை சொன்னது.

1981 பிப்ரவரியில் நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தலித் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்துக்கு மாறியபோது நாடே அதிர்ந்தது. வெளிநாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். அந்த மக்கள் சொன்ன காரணம் அவமானம். அந்தக் காரணத்தை விசாரிப்பதைவிடப் பணத்தைத் தேடுவதில்தான் பலருக்கு ஆர்வம் இருந்தது. இந்திய இஸ்லாமியரிடையேயும் மண உறவில் குல வேறுபாடு பார்க்கும் வழக்கங்கள் உண்டு என்பதைச் சமூகவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தொழுகையில் வென்ற தேர்வைத் திருமணத்திலும் வெல்வது எந்த மதத்துக்கும் எளிதாக இருக்கவில்லை.

வி.களத்தூரில் கோயில் ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற தகராறு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகமாக இருப்பதால் மற்ற மதத்தாரின் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று 2021இல் நீதிமன்றம் சொன்னது. பொதுத் தெரு எல்லாருக்கும் பொது என்பதே அதன் சாரம். நல்லது. அந்த அளவுகோலை நாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வோம். சேரியின் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போகும்போதும், சேரி மாப்பிள்ளை குதிரை மேலேறி வரும்போதும் அதே அளவுகோல்தானே பொருந்த வேண்டும்?

கோயிலுக்குள் ஒரு சுவர்

கொள்ளிடக் கரைக்கு அருகே ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா திருத்தலம் இருக்கிறது. வீரமாமுனிவர் அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அவரைத் தமிழ் படிப்பவர் யாரும் மறக்க மாட்டார்கள். அவர் சார்ந்திருந்த மதுரை மறைத்தளம் சாதியை எப்படிக் கையாண்டது என்பதையும் மறக்கக் கூடாது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவியின் கோலம் பூண்டார். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைக் கிறித்தவர் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் ரோமிலிருந்து அனுமதி வந்தது. 1640 முதல் மற்றச் சாதியாருக்குப் பண்டாரசாமிகள் என்ற பெயரில் தனிக் குருக்கள் வந்தார்கள். ஒரே நற்செய்திக்கு இரண்டு வகைத் தூதர்கள். சாதியை வெறும் நாகரிகப் பழக்கம் என்று எடுத்துக்கொண்டதன் விளைவு அது.

அதன் பிறகு சுவர் வந்தது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயில் இரண்டு சாதியாருக்கு இரண்டு பக்கமாகக் காற்சட்டை போலக் கட்டப்பட்டது. இடைச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பிய சுவர் இறந்தவர்களைக்கூடப் பிரித்தது. சீர்திருத்தச் சபைகளில் 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைக் கைவிட ஆணையிட்டார். தஞ்சையில் பல வேளாளக் கிறித்தவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். பெரிய கவிராயரான வேதநாயகம் சாஸ்திரியாரே அந்த ஆணையை எதிர்த்தார். பெரம்பலூருக்குத் தொலைவில் இல்லாத எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கிறித்தவர்கள் கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் கலவரம் வெடித்தது. காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள்.

தனிப் பங்கு கேட்பது பிரிவினை அல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வெள்ளையர் சபையில் கறுப்பின மக்களை ஜெபத்தின் நடுவே எழுப்பி வேறு இடத்துக்கு விரட்டினார்கள். ரிச்சர்டு ஆலனும் தோழர்களும் எழுந்து வெளியே போனார்கள். 1816இல் தங்களுக்கென்று ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபையை அமைத்தார்கள். அவர்கள் கிறிஸ்துவை விட்டு வெளியேறவில்லை. அவமானத்தை விட்டு வெளியேறினார்கள். எறையூர் கேட்டதும் அதைத்தான்.

நீதியோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேரிக்குள் எழுத்து வந்ததில் மறைப்பணியாளரின் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சுவர் எழுப்பிய அதே மதம் பலகையும் கொடுத்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு.

கேள்வியை மாற்றியவர்கள்

இதுவரை சொன்னதில் மதங்கள் வந்தன, நம் மக்கள் சேர்ந்தார்கள் அல்லது சேர்க்கப்படவில்லை. பண்டிதர் அயோத்திதாசர் இந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட்டார். எந்த மதம் எங்களை ஏற்கும் என்று அவர் கேட்கவில்லை. எங்கள் மதத்தை எங்களிடமிருந்து யார் பறித்தார்கள் என்று கேட்டார். நம் முன்னோர் பௌத்தர், பார்ப்பனியத்தை ஏற்காததால் தாழ்த்தப்பட்டார்கள் என்பது அவர் வாதம். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயல் வரை கிளைகள் பரவின. அதே 1907இல் லட்சுமி நரசு பௌத்தத்தின் சாரம் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டார். பண்டிதரின் வரலாற்று வாதங்களில் சிலவற்றை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பார்கள், சிலவற்றை மறுப்பார்கள். அது நடக்கட்டும். அவர் விட்டுச்சென்ற பெரிய கொடை முறைமை. பழமொழியையும் பண்டிகையையும் ஊர்ப் பெயரையும் சான்றாக வைத்து, ஒடுக்கப்பட்டவர் தம் மத வரலாற்றைத் தாமே எழுதலாம் என்று காட்டினார்.

அண்ணல் அம்பேத்கர் 1935 அக்டோபரில் இயோலாவில் தாம் இந்துவாகச் சாகப் போவதில்லை என்று அறிவித்தார். நாகபுரியில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14. இடையில் 21 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் செய்தது மணிமேகலை வஞ்சியில் செய்த வேலை. ஒவ்வொரு மதத்தையும் கேட்டார், படித்தார், எடை போட்டார். மனிதருக்காகவே மதம் இருக்க வேண்டும், அது பகுத்தறிவுக்கு ஒத்துவர வேண்டும், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் ஏற்க வேண்டும், வறுமையைப் புனிதமாக்கக் கூடாது என்பவை அவர் வைத்த அளவுகோல்கள். வழக்கமாக மதம்தான் மனிதரைச் சோதிக்கும். அவர் மதத்தைச் சோதித்தார்.

மறுபடியும் அந்தக் கட்டம்

1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத ஒருவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டார்கள். 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்றும் வெளியே. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதி திராவிடக் கிறித்தவருக்கு, அரசு மற்ற தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை கிடைக்கவில்லை. அவர் உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. 2024 நவம்பரில், திருமுழுக்குப் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட வழக்கிலும் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2007இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை மதத்தையும் பட்டியலையும் பிரிக்கச் சொன்னது. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது.

நம்மிடையே இதில் இரண்டு கருத்து உண்டு. இடஒதுக்கீட்டின் பங்கு குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தை ஏளனம் செய்ய வேண்டாம். பங்கைப் பெரிதாக்கக் கேட்பதே அதற்கு வழி. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். சாதி மதத்தோடு போய்விடும் என்ற அனுமானத்தில் நிற்கிறது அந்த மூன்றாம் பத்தி. மேலப்புதூர்ச் சுவர் அந்த அனுமானத்துக்கு எதிரான சாட்சி. ஒருவர் தம் மனசாட்சிக்கு எதிராக ஒரு மதத்தின் பெயரை எழுதினால்தான் படிப்பு, வேலை என்றால், 25ஆம் பிரிவு தரும் மனசாட்சிச் சுதந்திரம் அவருக்குப் பாதிதான் கிடைக்கிறது. 2002இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஆசை காட்டி மதம் மாற்றுவதைத் தடுப்பதாக அது சொன்னது. சான்றிதழைக் காட்டி மதம் மாறாமல் நிறுத்தி வைப்பதற்கு என்ன பெயர்?

மாணவர்களுக்கு

உங்களில் பலர் நம்பிக்கை உள்ளவர்கள். சிலர் இல்லாதவர்கள். யாரையும் எந்தப் பக்கமும் இழுக்க இந்த மேடை இல்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டை எடுத்துச் செல்லுங்கள். உங்கள் ஊரில் எத்தனை வழிபாட்டு இடங்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக நம் நான்கு கேள்விகளையும் எழுதுங்கள். உட்காரும் இடம், சாப்பாட்டுப் பந்தி, மண உறவு, சுடுகாட்டுப் பாதை. பாட்டிமாரைக் கேளுங்கள். வயலில் கிடக்கும் கல்லை எந்தப் பெயரில் கும்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். கல்லை நகர்த்த வேண்டாம், படம் எடுத்து அளவும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள். விக்கிரமங்கலத்துப் புத்தரும் ஏலாக்குறிச்சி மாதாவும் சிறுவாச்சூர்க் காளியும் வி.களத்தூர்ப் பள்ளிவாசலும் ஒரே நோட்டுக்குள் வரட்டும். இந்த இரண்டு மாவட்டங்களின் மத வரலாறு அப்படித்தான் எழுதப்பட வேண்டும், சேரியிலிருந்து.

வானத்தைப் பற்றி எந்த மதமும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அது அதன் உரிமை. பந்தியில் நமக்கு எந்த இடம் என்று கேட்பது நம் உரிமை. அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்த பண்டிதருக்கு நம் வணக்கம்.